சற்று முன் வந்து சேர்ந்தவர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக எதையாவது எழுதித் தரச் சொல்லி, என்னோடு வேலை செய்த திலினி கேட்டாள். எந்தக் கருவி நல்லது, எப்படி நிரல் எழுதுவது என்பதையெல்லாம் தொட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகே அவை இரண்டு தடவை மாறிவிட்டன. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நீங்கள் செய்யும் இணையப் பக்கத்துக்கு ஒரு விஷயம் தெரியாமல் போகும்போது, அது எதிரே இருப்பவருக்கு என்ன முகத்தைக் காட்டுகிறது? சர்வர் விழுந்தால் தூக்கி நிறுத்த வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அது விழுந்து கிடக்கிற நேரத்தில் மனிதருக்குப் பதில் சொல்கிறவர்கள் முன்பக்கம் செய்கிற நாம்தான்.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்த காலத்தில், பிழைச் செய்தி என்றால் சிரிப்பு மூட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. எம்பிலிப்பிட்டியவில் ஒரு மரண உதவிச் சங்கத்துக்குப் பக்கம் செய்து கொடுத்தோம். எங்கே தடங்கல் வந்தாலும் ஒரு குட்டி யானை கண்ணீர் விட்டபடி வந்து 'அச்சச்சோ' என்று சொல்லும். அந்த யானையை ரசித்து ரசித்து வரைந்தார்கள். கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்து பதிவு செய்ய உட்கார்ந்த ஒரு பெண்ணின் முன்னால் அது வந்து நின்றது. அவர் சண்டை போடவில்லை. யாரோ உள்ளே இருந்து தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் சங்கத்துச் செயலாளரிடம் சொன்னாராம். அன்றைக்கே யானையை விரட்டிவிட்டோம்.

யானையாவது கண்ணுக்குத் தெரிந்தது. அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத நல்ல மனசு. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நான் பிறந்தது புளத்கொகுபிட்டியப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அதனால் தோட்டங்களிலிருந்து வரும் வேலையெல்லாம் இரத்தினபுரி அலுவலகத்தில் என் மேசைக்கே வந்து சேரும். அப்படி, வேறொருவர் செய்து வைத்துவிட்டுப் போன பிறகு என்னிடம் வந்ததில் ஒன்று பெரட்டுப் பக்கம். காலையில் தொழிலாளர்கள் கூடி, யார் யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று பதிகிற இடத்துக்குத்தான் பெரட்டுக்களம் என்று பெயர். அன்றைக்கு வேலை செய்தவருக்கு ஒரு பேர் விழும். பிந்தி வந்தாலோ, கொழுந்து குறைந்தாலோ அரைப்பேர். ஒருநாள் உழைப்பு பாதியாகிப் போகிற அந்த அரைப்பேரைப் பற்றித் தோட்டத்தில் நடந்த சண்டைகளை வைத்து ஒரு பாரதமே எழுதலாம்.

கங்காணியின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்து அதில் பேர் பதியலாம் என்று ஏற்பாடு வந்தபோது, தொழிற்சங்கத் தலைவர்மார் ஒரு நிபந்தனை வைத்தார்கள். மெஷின் பழுதானால் அது ஆளுடைய குற்றமில்லை, வந்ததாகத்தான் பதிய வேண்டும் என்றார்கள். எனக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் அதை ஒப்புக்கொண்டு அப்படியே எழுதினார். ஒருவருடைய தகவல் பாதியில் அறுந்து வந்தால் பக்கம் அவரை 'வந்துவிட்டார்' என்று எடுத்துக்கொள்ளும். வந்த நேரம் இல்லையென்றால், பார்க்கிற நேரத்தையே வந்த நேரமாகப் போட்டுக்கொள்ளும். மலையில் மூடுபனி இறங்கி சிக்னல் போய்விட்டது என்பதற்காக யாருக்கும் அரைப்பேர் விழக்கூடாது. இன்றைக்குக் கேட்டாலும் அந்த விதிக்கு நான் கை தூக்குவேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், மண்சரிவு எச்சரிக்கை வரும்போது லயத்து ஆட்கள் எல்லோரும் பத்திரமான இடத்துக்கு வந்துவிட்டார்களா என்று பார்க்கவும் ஒரு பக்கம் வேண்டுமென்று தோட்டங்கள் கேட்டன. மழை நமக்காகக் காத்திருக்காது. அவர் பெரட்டுப் பக்கத்தையே எடுத்து, தலைப்பை மாற்றி, குடும்பத்துக்கு ஒரு வரி வைத்து, 'வந்துவிட்டோம்', 'உதவி வேண்டும்' என்று இரண்டு பொத்தான்கள் போட்டுக் கொடுத்துவிட்டு, கொழும்பில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். உள்ளே இருந்த அந்த விதியும் பக்கத்தோடு சேர்ந்து இடம் மாறியது. யாருக்கும் அது ஞாபகத்தில் இல்லை.

நான் சொல்கிற நாளில் மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்தது. இரத்தினபுரியில் மழை புதிதில்லை, ஆனால் அன்று பெய்தது சத்தமில்லாத மழை. ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு ஏறுகிறதென்று பெரும்பாலானோர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் திலினியும் மட்டும் இருந்தோம். அவள் அப்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். சிங்களப் பிள்ளை, எங்களோடு பேசிப் பேசியே தமிழ் பிடித்தவள்.

மலையுச்சித் தோட்டமொன்றில் மேற்கணக்கு என்கிற மேல் பிரிவின் லயத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் கீழே பாடசாலைக்குப் போக வேண்டும். மத்தியானத்துக்குள் எங்கள் திரையில் அந்த லயத்துக் குடும்பங்கள் அத்தனையும், வந்துவிட்டார்கள் என்று பொருள்படும் பச்சை நிறமாகிவிட்டன. தோட்டத்து ஆபீசிலிருந்து கிளாக்கர் பேசினார். எல்லோரும் வந்துவிட்டார்கள், மாவட்டத்துக்கு அறிவித்தாயிற்று, ட்ரக்டரைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பியாயிற்று, மேலே போகிற பாதையையும் மூடியாயிற்று என்றார். நிம்மதியான குரல். எனக்கும் நிம்மதிதான்.

தேநீர் குடிக்கப் போய்விட்டு வந்து சும்மா திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் எப்போது வந்தார்கள் என்று இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன், இரண்டு மணி நேரத்துக்கு முன் என்று. ஒரு வரியில் மட்டும் 'சற்று முன்' என்று இருந்தது. மருதாயி, லயத்தின் கடைசி அறையான கடைசிக் காம்பரா. தேநீருக்குப் போகும் முன்னும் அது 'சற்று முன்' என்றுதான் இருந்தது. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். மற்றவர்களின் நேரம் கூடியிருந்தது. மருதாயி சற்று முன் வந்திருந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தேன். மறுபடியும் சற்று முன்தான் வந்திருந்தார்.

திலினி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "அனே சார், இவங்க மட்டும் இன்னும் வந்துகிட்டே இருக்காங்களே" என்றாள்.

அதைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சர்வரில் கிடந்த மூலத் தகவலைத் திறந்தேன். பேரை ஒரு தடவையும், எந்தப் பொத்தான் என்பதை இன்னொரு தடவையுமாக அனுப்புவது அந்தப் பக்கத்தின் பழக்கம். மருதாயியிடமிருந்து பேர் மட்டும் வந்திருந்தது. நேரம் இல்லை. அவர் 'வந்துவிட்டோம்' என்று சொன்னாரா, 'உதவி வேண்டும்' என்று சொன்னாரா என்பதும் இல்லை. எதையோ சொல்ல வந்திருக்கிறார், சொல் பாதியில் அறுந்திருக்கிறது. மீதியை எங்கள் பக்கம் தன் நல்ல மனசால் நிரப்பிப் பச்சை அடித்திருக்கிறது.

கிளாக்கரை அழைத்து மருதாயி குடும்பம் வந்துவிட்டதா என்று கேட்டேன். கொஞ்சம் இருங்கள் என்றவர் திரும்பி வந்து, இருக்கிறார்கள், பச்சையாகக் காட்டுகிறது என்றார். நான் கேட்டது ஆளை, அவர் போய்ப் பார்த்தது என்னுடைய திரையை. பாடசாலையில் நிற்கிற செல்லையா கங்காணியின் இலக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

கங்காணிக்கு என் சந்தேகமே புரியவில்லை. மருதாயியா, இப்போதுதான் பார்த்தேன் என்றார். எங்கே என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற பெண்களிடம் கேட்டார். தண்ணீர்ப் பீப்பாய்க்கிட்ட நின்றதாக ஒருத்தி சொன்னாள். தலையில் துண்டு கட்டியிருந்ததாக இன்னொருத்தி சொன்னாள். மருதாயியின் கணவர் கால் முறிந்து படுக்கையில் கிடந்தவர், அவரை அடுத்த வகுப்பறையில் கிடத்தியிருப்பதாகவும் சொன்னார்கள். கங்காணி அடுத்த வகுப்பறைக்குப் போனார். அங்கே இருந்தவர்கள், அவர்கள் முதல் வகுப்பறையில் அல்லவா இருக்கிறார்கள் என்றார்கள். அவ்வளவு பேரும் உயிரோடு பக்கத்தில் இருப்பவரைப் பற்றிப் பேசுவதுபோல்தான் பேசினார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில் அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

"கங்காணி, யாருகிட்டயும் கேக்காதீங்க. போன அந்த அம்மா கையில குடுங்க. அவங்க குரல நான் கேக்கணும்" என்றேன்.

தொலைபேசி அந்தக் கூட்டத்துக்குள் நடந்து போவது எனக்குக் கேட்டது. பிள்ளைகளின் அழுகை, தகரத்தில் மழை, சட்டி உருளும் சத்தம், யார் யாரோ மூச்சு விடுவது. மருதாயி, மருதாயி என்று கங்காணி கூப்பிட்டுக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூப்பாடும் நின்றது. பிறகு மிகவும் தணிந்த குரலில் பேசினார்.

"சார், பாய் இருக்கு. சாப்பாட்டுப் பார்சல் இருக்கு. ஆளு இல்ல."

யாரும் பொய் சொல்லவில்லை. கைத்தொலைபேசியைப் பார்த்துப் பேர் வாசித்திருக்கிறார்கள். மருதாயியின் பேர் வந்தபோது, கூட்டத்தில் எங்கேயோ இருப்பார் என்ற நம்பிக்கையில் யாரோ 'இருக்கு' என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். பெரட்டில் அப்படித்தான், பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு வரப் பிந்துகிறவளுக்குப் பக்கத்துக் காம்பராக்காரி குரல் கொடுப்பாள். இல்லையென்றால் அரைப்பேர். பார்சலையும் அதே கை வாங்கி வைத்தது. பாயையும் அதே கை விரித்தது. அதற்குப் பிறகு துண்டு கட்டிய எந்தப் பெண்ணும் மருதாயியாகத் தெரிந்திருக்கிறாள். கணவரைத் தூக்க ஆள் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கிய பையன்கள், பாடசாலையில் பச்சையைப் பார்த்ததும் வேறு யாரோ தூக்கி வந்துவிட்டார்கள் என்று நினைத்து நின்றுவிட்டார்கள்.

உடனே ஆளை மேலே அனுப்புங்கள் என்று சொல்லிவிடுவது எனக்குச் சுலபம், நான் இரத்தினபுரியில் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். மேலே மலை அசைந்துகொண்டிருந்தது. மருதாயி கீழ்க்கணக்கில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தால், வீணாகப் பையன்களைச் சாவுக்குள் அனுப்பியவனாவேன். கிளாக்கரும் அதைத்தான் சொன்னார். எங்கேயாவது போயிருப்பார்கள், கமக் நே, பரவாயில்லை, இப்போது எதையும் கலைக்காதீர்கள் என்றார். வேறு தோட்டங்களும் இதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, பச்சை திடீரென்று மாறினால் சனம் பதறிப்போகும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை.

ஆனால் ஒன்று எனக்கு உறுதியாகப் பட்டது. மேலே போவதா வேண்டாமா என்பதை அந்த மலையை அறிந்தவர்கள் தீர்மானிக்கட்டும். அவர்கள் தீர்மானிக்கிற நேரத்தில் அவர்களுக்கு முன்னால் என் பொய் நிற்கக்கூடாது. திலினியிடம் அந்த விதியை எடுத்துவிடச் சொன்னேன். தகவல் குறைந்து வந்த எந்தப் பேரும் பச்சை ஆகக்கூடாது. சாம்பல் நிறம், பக்கத்தில் 'தெரியவில்லை'. அதன் கீழே, 'இவரைப் பற்றிய தகவல் முழுதாக வரவில்லை. நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள்.' அவ்வளவுதான். மன்னிப்பு, வருத்தம், யானை எதுவும் வேண்டாம்.

அவள் மாற்றி எழுதினாள். ஏற்றினாள். பல தோட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேர்கள் சாம்பலாயின. சனம் பதறவில்லை. தலையைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள், கையைப் பிடித்துப் பார்த்தார்கள், திரும்பப் பதிந்தார்கள். ஒவ்வொரு சாம்பலும் பச்சையாகிக்கொண்டு வந்தது. கடைசியில் மேற்கணக்கு லயத்து வரி மட்டும் மிஞ்சியது.

செல்லையா கங்காணி யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. "சார், நாங்க போறோம்" என்றார், வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. திலினி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன், வெளியே ஒன்றும் தெரியவில்லை. கிளாக்கர் மறுபடி அழைத்தார். மேலே போனவர்களில் ஒருவன் சிக்னல் இருந்த இடத்திலிருந்து அவருக்குப் பேசியிருக்கிறான். லயத்தின் கடைசிக் காம்பராக்கள் இருந்த இடத்தில் இப்போது மண்தான் இருக்கிறதாம். 

"சார், நான் மாவட்டத்துக்கு எல்லாரும் பத்திரம்னு சொல்லிட்டேன். இப்ப என்னன்னு சொல்ல?"

"தெரியாதுன்னு சொல்லுங்க ஐயா. அதையே சொல்லுங்க."

அந்தச் சொல் அவருக்கு வாயில் வர மறுத்தது. நமக்கும் அப்படித்தான். படித்தவர்கள் நாம், தெரியாது என்று சொல்வதற்கா நமக்குச் சம்பளம் என்று ஒரு எண்ணம் உள்ளே இருக்கிறது. நாம் எழுதுகிற பக்கமும் அதையே படித்துக்கொள்கிறது. கடைசியில் கிளாக்கர், "தெரியாதுன்னே சொல்றேன் சார்" என்றார். ஒரு மனிதர் அதைவிடத் தைரியமாக ஒரு வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மருதாயியையும் கணவரையும் லயத்துக்குப் பக்கவாட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே கண்டுபிடித்தார்கள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு இருக்கிறதல்லவா, கணவரை அதில் கிடத்தி, இரண்டு முனையையும் தன் இடுப்போடு முடிந்து, செடிக்குச் செடி பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு மரத்தடியில் இனி முடியாது என்று உட்கார்ந்திருந்த நேரத்தில் பையன்கள் சத்தம் கேட்டிருக்கிறது. அவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து தூக்கி இறக்கும்போது, பின்னால் அந்த மரமும் சரிந்ததாம். கங்காணி இதைச் சொல்லும்போது திலினி அழுதாள். நானும் அழுதேன்.

இதிலிருந்து நான் படித்துக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தை ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குக் கொண்டு போகும்போது, அதற்குத் தெரியாதபோது அது யார் பக்கம் சாய்கிறது என்று முதலில் பாருங்கள். பெரட்டில் ஆளைக் காப்பாற்றிய அதே சாய்வுதான் மண்சரிவில் ஆளை மறைத்தது. தெரியாததைத் தெரியாததாகக் காட்டுங்கள். அதோடு நிறுத்தாமல், பார்க்கிறவர் அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வரி சொல்லுங்கள். பதறுவார்களே என்று பயந்து மறைக்காதீர்கள். சனம் நாம் நினைப்பதைவிடத் திடமானது, உண்மை கையில் இருந்தால் என்ன செய்வதென்று அதற்குத் தெரியும்.

இவ்வளவும் தெரிந்தும் நான் அந்தப் பிழையின் பாதியைத்தான் அறிந்திருந்தேன். மற்றப் பாதியை மருதாயியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவர்களை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது நானும் திலினியும் பார்க்கப் போனோம். அவர் கணவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டிலும் கட்டு. நாங்கள் யார் என்று சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

'உதவி வேண்டும்' பொத்தானைத்தான் அழுத்தினாராம். அதோடு சிக்னல் போய்விட்டது. பேசவும் முடியவில்லை. ஆனால் பக்கம் மட்டும் அவருடைய கைத்தொலைபேசியில் திறந்தது. சிக்னல் இல்லாமலே அது அப்படித் திறக்க வேண்டுமென்று நாங்களே பாடுபட்டுச் செய்து வைத்திருந்தோம். மலையில் யாராவது வருகிறார்களா என்று தெரிந்துகொள்ள அவர் அதைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் தெரியாத அந்தப் பக்கம் அவருக்கும் அதே விதிப்படி பதில் சொல்லியிருக்கிறது.

"மருதாயி, சற்று முன் வந்து சேர்ந்தார்னு போட்டிருந்திச்சிங்க" என்றார். "மூடிட்டு மறுபடி தொறந்தா, மறுபடியும் இப்பத்தான் வந்தேங்குது. நான் இங்கன இருட்டுக்குள்ள உக்காந்திருக்கேன், அங்கன நான் போயிக்கிட்டே இருக்கேன். சரி, நாங்க வந்துட்டோம்னு நெனச்சிக்கிட்டாங்க, இனி யாரும் தேடி வர மாட்டாங்கன்னு வெளங்கிப் போச்சி. கொஞ்ச நேரத்துல எனக்கு வேற பயம் வந்திருச்சிங்க. ஒருவேள நான்தான் செத்துட்டேனோ, அங்கன போயிச் சேர்ந்தது என் உசுரோன்னு."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். கணவர் எங்களைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர ஒலுக்கி எழுப்பி, என்னயத் தெரியுதா, என் பேரச் சொல்லுங்கன்னு கேட்டேன். மருதாயின்னாரு. அதுக்கப்புறந்தாங்க இவர இழுத்துட்டுப் போகலாம்னு படங்கக் கையில எடுத்தேன்."